மழை திரும்பி வரும் என்று காத்திருக்காத பெர்த்

மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அணைக்கு வரும் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று யாருக்கும் தோன்றும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பெர்த் நகரத்தில் கணக்கு அப்படிப் போகவில்லை. அங்கே மே முதல் ஜூலை வரை பெய்யும் குளிர்கால மழை, 1970க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. அணைகளுக்கு வந்த தண்ணீரைப் பாருங்கள்: 1911 முதல் 1974 வரை ஆண்டுக்குச் சராசரியாக 338 ஜிகாலிட்டர், நமக்குப் பழகிய கணக்கில் ஏறக்குறைய 12 டி.எம்.சி. 1975இலிருந்து 2000 வரை அது சுமார் 177 ஆனது, கிட்டத்தட்டப் பாதி. அடுத்த பத்தாண்டில் நூறுக்கும் கீழே போனது. 2010க்குப் பிறகு பல ஆண்டுகளில் 2 டி.எம்.சி.கூட வரவில்லை. (ஒரு ஜிகாலிட்டர் என்பது 100 கோடி லிட்டர்.)

இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர் அது. அணையை நம்பி மட்டும் இருந்திருந்தால் எப்போதோ குழாய் வற்றியிருக்கும். வற்றவில்லை. ஏன் வற்றவில்லை, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தன் குடிநீர் ஏற்பாட்டையே மாற்றிக்கொண்ட பெருநகரம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது பெர்த்தைத்தான்.

முதலில் அந்த 20 சதவீதம் எப்படி இவ்வளவு பெரிய சரிவாக மாறியது என்ற கேள்வி. பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நகரத்துக்குக் கிழக்கே டார்லிங் மலைத்தொடர், அதன் மேல் ஜாரா என்ற யூகலிப்டஸ் இன மரங்களின் காடு. அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் இந்தக் காடுதான். மேலே சரளையும் மணலும், அடியில் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போன பாறை. பெய்கிற மழையை முதலில் குடிப்பது இந்த மண். ஆழமாக இறங்கிய ஜாரா வேர்கள் கோடை முழுக்க அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் பள்ளத்தாக்குகளில் நிலத்தடி நீர் ஓடைப் படுகையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதனால் மழைநீர் உள்ளே இறங்க இடமில்லாமல் ஓடைக்கு வழிந்தது, மழை இல்லாத நாட்களிலும் ஊற்று கசிந்து ஓடையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் மழை குறைந்ததில் அந்த நீர்மட்டம் படுகையை விட்டு இறங்கிவிட்டது. இன்று பெய்யும் மழை மண்ணின் பசியை அடக்கவே போய்விடுகிறது, ஓடைக்கு மிஞ்சுவது கொஞ்சம். வருஷம் முழுக்க ஓடிய ஓடைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கின்றன. இடையில் ஒரு நல்ல மழைக்காலம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதனால் இடமில்லை, ஏனென்றால் ஒரே ஒரு வருஷத்து மழை அந்த ஆழத்தை நிரப்பிவிடாது.

மழை ஏன் குறைந்தது? அந்தப் பகுதிக்கு மழை கொண்டுவருவது தென்பெருங்கடலிலிருந்து மேற்குக் காற்றோடு வரும் குளிர்முகங்களும் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்புகள்) காற்றழுத்தத் தாழ்வுகளும். அவை போகும் பாதை தென் துருவத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. பெர்த்துக்கு நேராக வந்து மோத வேண்டியவை தெற்கே கடலோடு கடலாகக் கடந்து போகின்றன, அல்லது வந்தாலும் வலுவில்லாமல் வருகின்றன. இந்த நகர்வில் பசுங்குடில் வாயுக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதில் இன்று விஞ்ஞானிகளிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. கோதுமைக்காகக் காடுகளை அழித்ததும் ஓரளவு காரணம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. 

சரி, இதெல்லாம் இன்று திரும்பிப் பார்த்துச் சொல்வது. எழுபதுகளின் பிற்பகுதியில் உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வறட்சி வரும், போகும். அதுவரை அவர்கள் பார்த்தது அதுதான். இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். எந்த ஊரிலும் குடிநீர்த் திட்டம் என்பது அடிப்படையில் ஒரு சராசரியின் மேல் கட்டப்படுவது. இவ்வளவு மழை பெய்யும், இவ்வளவு தண்ணீர் வரும், அதில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை இவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் அணை கட்டுகிறோம், குழாய் பதிக்கிறோம், வீட்டுக்கு இணைப்பு கொடுக்கிறோம். அந்தச் சராசரிக்கு எத்தனை பழைய பதிவு இருக்கிறதோ அத்தனை நல்லது என்பது பாடப்புத்தக விதி. பெர்த்தில் அந்த விதிதான் காலை வாரியது. 1911இலிருந்து எடுத்த சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் 'இயல்பைவிடக் குறைவு', அடுத்த வருஷம் இயல்புக்குத் திரும்பிவிடும். அப்படி இருபது வருஷம் திரும்பாமல் இருந்தால்?

எண்பதுகளின் பின்பாதியிலேயே அங்குள்ள நீர் நிர்வாகத்தில் வருங்கால மழைக் குறைவைக் கணக்கில் சேர்த்தார்கள், ஆனால் பல பத்தாண்டுகளில் மெல்ல நடக்கப்போகும் ஒன்றாகத்தான் அதை நினைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் பழைய பதிவுகளை ஓரம் வைத்துவிட்டு 1975க்குப் பிந்தைய ஆண்டுகளை மட்டும் எடுத்துத் திட்டம் போடத் தொடங்கினார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். அதன் பொருள் என்னவென்றால், கையில் இருப்பதாக நினைத்த தண்ணீரில் பாதியை ஒரே நாளில் ஏட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். 1998இல் மாநில அரசு 'இந்தியப் பெருங்கடல் பருவநிலை முன்முயற்சி' என்ற பெயரில் ஓர் ஆய்வுக் கூட்டணியையே அமைத்தது, மழை ஏன் குறைகிறது என்பதைத் தண்ணீர் கொடுப்பவர்களும் வானிலை விஞ்ஞானிகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க. 2001இல் குளிர்கால மழை மோசமாகப் பொய்த்தது. வாரம் இரண்டு நாள் மட்டுமே தோட்டத்துக்குத் தெளிப்பான் போடலாம் என்ற கட்டுப்பாடு அந்த ஆண்டு வந்தது. அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை. டிம் ஃபிளானரி என்ற விஞ்ஞானி 2004இல், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்டுப்போகும் முதல் 'பேய்நகரமாக' பெர்த் ஆகலாம் என்று எச்சரித்தார். அவரை அதற்காக இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எழுந்த காலத்தில் எடுத்த முடிவுகளால்தான் அது பலிக்கவில்லை என்பதைக் கேலி செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என்னென்ன வழிகள் மேசைக்கு வந்தன? மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, வடக்கே கிம்பர்லியில் மழைக்காலத்தில் பெருக்கெடுத்து ஓடும் ஃபிட்ஸ்ராய் ஆற்றிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டருக்குக் கால்வாய். 2005 மாநிலத் தேர்தலில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் காலின் பார்னெட் இதைப் பெரிய வாக்குறுதியாக வைத்தார், தோற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த நிபுணர் குழு அறிக்கை, கடல்நீரைச் சுத்திகரிப்பதைவிட இது பல மடங்கு செலவு என்று சொல்லிவிட்டது. எங்கோ நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதை இங்கே கொண்டுவந்துவிட்டால் போதும் என்ற கனவு வறண்ட ஊர் எல்லாவற்றிலும் உண்டு. பெர்த்துக்கு அந்தக் கனவு வர இன்னொரு காரணமும் இருந்தது. 1903லேயே முண்டாரிங் அணையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து கல்கூர்லி தங்க வயலுக்குத் தண்ணீர் ஏற்றியவர்கள் அவர்கள். அதை வடிவமைத்த ஓ'கானர், அது நடக்காத காரியம் என்ற வசவுகளுக்கு நடுவே, திறப்பு விழாவுக்கு முந்தைய ஆண்டு தற்கொலை செய்துகொண்டார். குழாய் இன்றும் ஓடுகிறது.

இரண்டு, தென்மேற்கே யாரகடி என்ற ஆழமான நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து ஆண்டுக்கு 45 ஜிகாலிட்டர் எடுப்பது. செலவு குறைவு, தொழில்நுட்பமும் பழகியது. அந்தப் பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆறும் காடும் அந்த நீரை நம்பி இருக்கின்றன, நகரத்துத் தோட்டங்களுக்காக எங்கள் ஊற்றை ஏன் வற்றவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2007இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டாவது கடல்நீர் ஆலை என்று அறிவித்தது.

மூன்று, கடல்நீரைக் குடிநீராக்குவது. நகரத்தின் தெற்கே குவினானாவில் 2006 நவம்பரிலேயே முதல் ஆலை வந்துவிட்டிருந்தது, ஆண்டுக்கு 45 ஜிகாலிட்டர், ஏறக்குறைய 39 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு. ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய கடல்நீர் குடிநீர் ஆலை அதுதான். பிறகு பின்னிங்கப் கடற்கரையில் 2011இல் இரண்டாவது. 50 ஜிகாலிட்டராகத் தொடங்கி, முடியும் முன்பே இரட்டிப்பாக்க முடிவெடுத்து, 2013இல் 100 ஆனது. இந்த அவசரத்துக்குப் பின்னால் 2010 இருந்தது. தென்மேற்கின் பதிவுகளிலேயே மிக வறண்ட ஆண்டு அது.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அங்கேயும் பெரும் வறட்சி, அங்கேயும் நகரத்துக்கு நகரம் கடல்நீர் ஆலை கட்டினார்கள். 2010இல் மழை கொட்டியது. மெல்போர்னுக்காக வொந்தாகியில் கட்டிய பிரமாண்ட ஆலை 2012 கடைசியில் தயாராகி, 2017வரை நகரத்துக்கு ஒரு சொட்டும் கொடுக்காமல் நின்றது, கட்டணத்தை மட்டும் மக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்த்தின் ஆலைகளோ ஓய்வே இல்லாமல் ஓடுகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆலைதான், ஒரே தொழில்நுட்பம்தான். கிழக்கில் அதை அவசர காலத்துக்கான காப்பாகக் கட்டினார்கள், பெர்த்தில் அன்றாட ஊற்றாகக் கட்டினார்கள். வந்திருப்பது வறட்சியா, புதிய நிலையா என்று முடிவு செய்யாமல் இயந்திரம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (மெல்போர்னுக்கும் அந்த ஆலை பின்னால் பயன்பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கடல்நீர் ஆலை என்றதும் எல்லோரும் கேட்பது மின்சாரம். நியாயமான கேள்வி. உப்பை வடிகட்ட, மிக நுண்ணிய சவ்வு வழியாகக் கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் தள்ள வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். மழை குறைந்ததற்குக் காரணமான புகையையே இன்னும் கூட்டி அதில் தண்ணீர் தயாரிப்பது அபத்தம் இல்லையா? குவினானா ஆலைக்கு ஈடாக எமு டவுன்ஸ் காற்றாலைப் பண்ணையிலிருந்து மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். பின்னிங்கப் ஆலைக்காக ஒரு காற்றாலைப் பண்ணையும் கிரீனோ ஆற்றுப் பகுதியில் ஒரு சூரிய மின் நிலையமும் வந்தன. ஆண்டுக் கணக்கில் ஈடு ஆகிவிடுகிறது என்பது உண்மை. ஆலை ஓடுவது பொதுவான மின்கட்டத்தில்தான், காற்று இல்லாத இரவில் அந்தக் கட்டத்தில் என்ன எரிகிறதோ அதில்தான் அதுவும் ஓடும் என்பதும் உண்மை. அடுத்தது கழிவாக வெளியேறும் உவர்நீர், கடல்நீரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உப்பு. திறந்த கடலில் அது சீக்கிரம் கலந்துவிடும். குவினானா ஆலை இருப்பதோ கோபர்ன் சவுண்ட் என்ற அரைகுறையாக மூடிய வளைகுடா. அங்கே அடி நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கடல்நீர் ஆலையைவிட சுவாரசியமாகப் படுவது நகரத்தின் வடக்கே பீன்யப் கழிவுநீர் நிலையத்தில் செய்தது. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதை மறுபடி நுண்வடிகட்டி, உப்பு நீக்கும் சவ்வு, புற ஊதாக் கதிர் என்று மூன்று நிலைகளில் கடத்தி, குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குழாயில் விடாமல் பூமிக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர்த்தேக்கங்களில் செலுத்துகிறார்கள். அங்கிருந்து அது நகர்ந்து குடிநீர்க் கிணறுகளை எட்டப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். குடிக்கும் தரத்தில் இருக்கும் தண்ணீரை எதற்கு மறுபடி மண்ணுக்குள் அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். சேமிப்பு ஒரு காரணம், அங்கே ஆவியாகி வீணாகாது. இன்னொரு காரணம் மனசு. 2006இல் குயின்ஸ்லாந்தின் டூவூம்பா நகரத்தில், சுத்திகரித்த கழிவுநீரை அணையில் கலக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கடும் வறட்சிக்கு நடுவிலும் ஏறக்குறைய 62 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். பெர்த்தில் அவசரப்படவில்லை. 2010 முதல் 2012 வரை சோதனை ஓட்டம், பார்வையாளர் மையம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பரிசோதனை முடிவுகள் வெளிப்படை. அப்புறம்தான் 2017இல் ஆண்டுக்கு 14 ஜிகாலிட்டர் அளவில் முறைப்படி தொடங்கியது, பிறகு 28 ஆக்கினார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த முறைதான் இது. கழிவுநீர் இருக்கிறதே, அதற்கு மழைபோல் பருவம் கிடையாது, மக்கள்தொகை கூடினால் அதுவும் கூடும்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததில் மலை மேல் இருக்கும் அணைகளின் வேலையே மாறிவிட்டது. தேவை குறைவான குளிர்காலத்தில் ஆலைகளும் கிணறுகளும் தரும் உபரி நீரை மேலே ஏற்றி அணைகளில் வைத்து, கோடையில் எடுக்கிறார்கள். ஆற்றைப் பிடிக்கக் கட்டிய அணைக்குக் கடலிலிருந்து தண்ணீர் ஏறிப் போகிறது.

மக்களின் பயன்பாட்டையும் குறைத்தார்கள். நகரம் நிற்பதே மணலின் மேல். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், ஆனாலும் ஆங்கிலேயர் விட்டுப்போன பச்சைப் புல்தரை ஆசை விடவில்லை. வீட்டுத் தண்ணீரில் மிகப் பெரிய பங்கு தோட்டத்துக்கே போனது. வாரம் இரண்டு நாள் கட்டுப்பாடும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெளிப்பானுக்கு முழுத் தடையும் ஓரளவு வேலை செய்தன. நபர் ஒருவருக்கான பயன்பாடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அப்படியும் ஆஸ்திரேலிய நகரங்களில் அதிகம் செலவழிப்பவர்கள் வரிசையில்தான் பெர்த் இருக்கிறது. இதில் அவர்களைப் பெரிதாகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. வறண்ட ஊருக்கு முதலில் போக வேண்டியது புல்தரைதான், அது கடைசியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வெளியில் அதிகம் பேசப்படாத பகுதி இனிதான். அணைகள் குறைந்து, ஆலைகள் வருவதற்கு இடையில் நகரத்தைத் தாங்கியது யார்? நிலத்தடி நீர். நகரத்தின் வடக்கே நாங்காரா மேடு என்ற பெரிய நீர்த்தேக்கம், மணலுக்குள் மேடாகத் தேங்கி நிற்பது. குடிநீர் வாரியம், காய்கறித் தோட்டங்கள், பூங்காக்கள், வீட்டு ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் அதில்தான் எடுத்தன. மழைக் குறைவால் அதற்குள் இறங்கும் நீரும் குறைந்துகொண்டிருந்த அதே நேரத்தில் எடுப்பது கூடியது. விளைவை மேலே பார்க்கலாம். ஏரி என்று அங்கே சொல்பவை பல, நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மேல் எட்டிப் பார்க்கும் இடங்கள்தான். மட்டம் இறங்கினால் ஏரியும் காலி. யான்செப் பூங்காவின் ஏரியும், அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளில் ஓடிய நீரோடைகளும் வற்றிவிட்டன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களுக்கு அந்த நீர்நிலைகள் வாழ்வோடும் வழிபாட்டோடும் பின்னியவை. இப்படி ஓர் ஏரி காய்வதற்கு எந்த ஆலையின் கணக்கிலும் இடம் கிடையாது. மேட்டின் மேல் நட்டிருந்த பைன் தோட்டங்கள் மழைநீரை மண்ணுக்குள் விடாமல் குடிக்கின்றன என்று அவற்றை வெட்டி எடுத்தும் வருகிறார்கள்.

நகரத்தின் குழாய் வலைப்பின்னல் எட்டாத உள்நாட்டு விவசாயப் பகுதிகளின் நிலையும் வேறு. அங்கே ஒவ்வொரு பண்ணையிலும் குட்டை வெட்டி மழைநீரைப் பிடித்துத்தான் ஆடுகளுக்குக் கொடுப்பார்கள். வழிந்தோடும் அளவுக்குப் பலமான மழை குறைந்துவிட்டால் குட்டை நிரம்பாது. 2019-20இல் பல இடங்களை நீர்ப் பற்றாக்குறைப் பகுதி என்று அரசு அறிவித்து, லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் கோதுமை அவ்வளவு அடி வாங்கவில்லை, உழாமல் விதைப்பது, மழைக்கு முன்பே விதைத்துவிடுவது என்று விவசாயிகள் தாங்களே முறையை மாற்றிக்கொண்டார்கள், 2022இல் மாநிலத்தின் தானிய விளைச்சல் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. பயிருக்கு மண்ணில் ஈரம் போதும், குட்டைக்கு ஓடுநீர் வேண்டும். ஒரே மழைக் குறைவு இரண்டையும் ஒரே மாதிரி தாக்கவில்லை.

2022இல் வெளியான நாங்காரா திட்டம், 2028க்குள் அந்த மேட்டிலிருந்து ஆண்டுக்கு 54 ஜிகாலிட்டர் குறைவாக எடுக்க வேண்டும் என்கிறது. அதில் பாதிக்கு மேல் குடிநீர் வாரியத்தின் பங்கு, தோட்டக்காரர்களுக்கும் பத்து சதவீத வெட்டு. வீட்டு ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு வாரம் மூன்று நாள் இருந்த தெளிப்பு இரண்டாக ஆனது. அந்தக் கிணறுகளுக்கு மீட்டர் கிடையாது, உரிமமும் தேவையில்லை. லட்சத்துக்கு மேல் இருக்கும் அவற்றில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று யாரும் அளப்பதில்லை. நகரத்தின் வடக்கே அல்கிமோஸில் மூன்றாவது கடல்நீர் ஆலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முதல் கட்டம் 50 ஜிகாலிட்டர், செலவு 280 கோடி டாலர். குவினானாவுக்கு ஆனதைப்போல ஏழு மடங்கு. அது தண்ணீர் கொடுக்க வேண்டிய ஆண்டும் 2028தான், ஏனென்றால் நாங்காராவில் குடிநீர் வாரியம் விட்டுக்கொடுக்கப்போகும் தண்ணீருக்கு ஈடு அங்கிருந்துதான் வர வேண்டும்.